ஒரு நூல் பிட்டு

சாலை என்று பெயருள்ள கடைத்தெருவில் ஓர் இரும்புக் கடையின் படியில் நின்றுகொண்டிருக்கிறேன். மழை விட்ட காலை. சேலைக் கரை நனைந்து கணுக்காலில் ஒட்டுகிறது. பக்கத்துக் கடையிலிருந்து பெருங்காயம், எதிர்க் கடையிலிருந்து புதுக் கயிறு, இந்தக் கடைக்குள்ளிருந்து கிரீஸ். எல்லாம் கலந்து ஒரு வாசனை.

"என்னா வேணும் சேச்சி?"

கடை முதலாளி கேட்கிறார். சந்தனப் பொட்டும் வெளுத்த முண்டுமாகப் பார்வைக்கு நல்ல மனிதர்தான்.

நான் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுகிறேன்.

"பறயணும் சேச்சி. பறஞ்சாத்தானே எடுத்துத் தர ஒக்கும்."

எனக்கு வேண்டிய சாமானின் பெயர் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் சொல்லாமல் நிற்கிறேன். அந்த ஒரு சொல்லைச் சொன்னால் கடையில் இருக்கிறவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கல்யாணமாகி இந்த மலையாளத்து ஊருக்கு வந்த நாளிலிருந்து எந்தக் கடையிலும் என்னைப் பார்த்து யாரும் சிரிக்க நான் இடம் கொடுத்ததில்லை, ஒரு சைக்கிள் கடையைத் தவிர. சைக்கிள் கடை விஷயத்தைப் பிறகு சொல்கிறேன்.

போன வாரம் எங்கள் கோழிகளைப் பற்றி எழுதினேன். இந்த வாரம் இரும்புக் கடை. எனக்கு நினைவு வருகிற வரிசையில்தான் எழுத வரும். எந்த வருஷம் என்று கேட்டால், என் இரண்டாவது மகளுக்கு முன்பல் விழுந்து, அவள் டீக்குச் 'சாயா' என்று சொல்ல முடியாமல் காற்றை ஊதிக்கொண்டு திரிந்த வருஷம். அதற்கு மேல் கணக்கு எனக்குக் கிடையாது.

அச்சப்பத்தின் அதிகாரம்

இந்தக் கதையின் வேர் இரும்புக் கடையில் இல்லை. ரோசம்மாள் அக்காவிடம் இருக்கிறது. என் கணவரின் அண்ணன் பெண்சாதி, எனக்கு ஓர்ப்படியாள். நேமத்தில் அவர்கள் வீடும் எங்கள் வீடும் ஒரே இடைவழியில்தான். அவள் வீட்டில் கடுகு வெடித்தால் என் வீட்டில் கேட்கும். என் வீட்டில் நான் பெருமூச்சு விட்டால் அவள் வந்து என்ன என்று கேட்பாள்.

எங்கள் சபையில் வருஷா வருஷம் அறுப்பின் பண்டிகை வரும். வீட்டுக்கு வீடு வாழைக்குலை, சேனை, சேவல், பலகாரம் என்று கைக்கு எட்டினதைக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் கோயில் முற்றத்தில் ஏலம். எது கூடுதலுக்கு ஏலம் போகிறதோ, அதைக் கொண்டுவந்த வீட்டுக்காரியின் பெயரை ஏலம் விடுகிறவர் உரக்கச் சொல்வார். பரிசு ஒன்றும் கிடையாது. ஆனால் அப்படிச் சொல்லப்பட்ட பெயர் ஒரு வருஷம் முழுக்க எங்கள் இடைவழியில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கும்.

அந்தப் பெயர் எப்போதும் ரோசம்மாள்தான். அச்சை மாவில் முக்கி எண்ணெயில் பொரிக்கிற அவளுடைய அச்சப்பம் அப்படி. பூப்பூவாக, பொன் நிறமாக, வாயில் வைத்தால் நொறுங்குகிற சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். நல்லதை நல்லது என்று சொல்லுகிறவள் நான். ஆனால் அதை அவளே சொல்லிக்கொண்டு திரிவாள், அதுதான் எனக்குப் பொறுக்காது.

அந்த வருஷம் பெண்கள் கூட்டத்தில் எல்லாருமாகப் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது கேட்டாள்.

"ஏட்டி நேசம், இந்த வருசம் நீ என்னத்தக் கொண்டு வாறே? போன தடவ மாதிரி சேனக்கிழங்கா?"

சேனைக்கிழங்கு என்ன மட்டமா? ஒரு ஆள் தூக்க முடியாத கிழங்கு அது. ஆனால் அவள் சொன்ன விதத்தில் அது ஒரு உருளைக்கிழங்கைவிடச் சின்னதாகிப் போனது.

"இடியாப்பம் கொண்டு வாறேன் அக்கா" என்றேன். "இங்க இப்படி ஒண்ணு ஒருத்தரும் கண்டிருக்க மாட்டாங்க. தலைமுடி மாதிரி இருக்கும்."

"தலமுடி மாதிரி இருந்தா எவரு தின்பா? சாப்பாட்டுல கெடந்தா எடுத்துல்லா எறிவோம்."

குழாயடியில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். போதகரின் வீட்டம்மா மட்டும் சிரிக்காமல், "நல்லது நேசம்மா, இடியாப்பம்னு உங்க பேரை எழுதிக்கிடுதேன்" என்றார். பெயர் ஏறிவிட்டது. இனிப் பின்வாங்க வழி இல்லை.

சில்லுக்கு வயசான கதை

இடியாப்ப உரலின் அடியில் ஓட்டை ஓட்டையாக ஒரு வட்டத் தகடு இருக்குமே, அதை நாங்கள் சில்லு என்போம். என் சில்லுக்கு அப்போது நல்ல வயசு. ஓட்டைகள் தேய்ந்து, பக்கத்துப் பக்கத்து ஓட்டைகள் ஒன்றோடொன்று சேர்ந்து குடும்பமாகிவிட்டன. மாவைப் பிழிந்தால் நூலும் வரும், நாடாவும் வரும், ஒரு மூலையில் துணியே வரும்.

கடையில் புதுச் சில்லு கிடைக்கும். ஆனால் கடைச் சில்லு எல்லார் வீட்டிலும்தான் இருக்கிறது. எல்லார் வீட்டு இடியாப்பமும் எப்படித் தலைமுடியாகும்?

என் வீட்டுக்காரருக்கு பஸ்ஸில் கண்டக்டர் வேலை. வீட்டில் அவரே தச்சன், அவரே கொல்லன், அவரே தட்டான். அடுக்களைக்குப் பின்னால் ஒரு சாய்ப்பு இறக்கி, அதில் பலகையும் அரமும் வாளும் வைத்திருந்தார். அவர் செய்த முக்காலியில் உட்காருகிறவர்கள் முதலில் ஜெபம் பண்ணிவிட்டு உட்காருவார்கள். ஆனாலும் கை ஓடும். உடைந்த பித்தளை மூடி ஒன்றை வட்டமாக வெட்டி, ராவி, அதில் ஆணியால் நெருக்க நெருக்கமாகப் புள்ளி குத்திக் கொடுத்தார். அவரிடம் கையால் சுற்றுகிற டிரில்லு ஒன்று இருந்தது. அதன் வாயில் மெல்லிய ஊசி ஒன்றைச் செருகி, பக்கத்தில் இருக்கிற சக்கரத்தைச் சுற்றினால் ஊசி தகட்டுக்குள் இறங்கும்.

அவர் போட்டது நாலைந்து ஓட்டை. அப்போதே நான் வாங்கிக்கொண்டேன். ரோசம்மாளிடம் வாய் விட்டது நான், ஓட்டையும் நானே போடுவேன் என்று சொல்லிவிட்டேன்.

எவ்வளவு சுகமான வேலை தெரியுமா அது. ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுச் சுற்றினால் பித்தளை மஞ்சள் சுருளாக எழும்பி வரும். சூடான பித்தளைக்கு ஒரு வாசனை உண்டு, பழைய காசை நாக்கில் வைத்த மாதிரி. என் தலைமுடியில் எல்லாம் பொன் பொடி. கண்ணாடியில் பார்த்தால் கல்யாணப் பெண் மாதிரி இருந்தேன்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை, ரோசம்மாளை மனதில் நினைத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினேன். டக்.

ஊசி ஒடிந்துவிட்டது. அந்த ஊசிக்குத் தெம்பு போதாது, வேறென்ன சொல்ல.

அவர் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு நாகர்கோவில் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். போனால் சனிக்கிழமை சாயங்காலம்தான் திரும்புவார். ஞாயிற்றுக்கிழமை பண்டிகை.

"வேற ஊசி இருக்கா?"

"இல்ல. சாலையில போயி வாங்கு. பிட்டுன்னு கேளு. சின்னப் பிட்டு."

"என்னது?"

"பிட்டு, பிட்டு. கேட்டா தருவான்" என்று சொல்லிக்கொண்டே பையைத் தோளில் மாட்டிப் போய்விட்டார்.

நீங்களே சொல்லுங்கள். அரிசிமாவை நனைத்துத் தேங்காய்ப்பூ போட்டுக் குழாயில் அவித்துத் தள்ளுவோமே, அதற்கும் எங்கள் வீட்டில் பிட்டு என்றுதான் பெயர். மலையாளத்தில் புட்டு. இடியாப்பச் சில்லுக்கு ஓட்டை போட இரும்புக் கடையில் போய்ப் பிட்டு கேட்க வேண்டுமாம். யார் நம்புவார்கள்?

பழைய காற்று

மற்ற எந்தப் புருஷன் சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேன். இவர் வேறு மாதிரி.

கல்யாணமான புதிதில் ஒரு நாள் சைக்கிளில் காற்று இல்லை. கடைக்கு உருட்டிக்கொண்டு போகச் சொன்னார். போகும்போது கூப்பிட்டு, மிகவும் அக்கறையாகச் சொன்னார்:

"இது பழைய சைக்கிளாக்கும். புதுக் காத்து சேராது, டியூபு பொறுக்காது. பழைய காத்தாப் பாத்து அடிக்கச் சொல்லு."

நான் என்ன கண்டேன்? பழைய அரிசி உண்டு, பழைய புளி உண்டு, இரண்டுக்கும் மவுசும் உண்டு. காற்றில் இருக்காதா? கடைக்காரனிடம் சத்தமாகவே சொன்னேன். "தம்பி, பழைய காத்து இருக்கா? புதுசு வேண்டாம்."

அவன் பம்பைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்து சிரித்தான். பஞ்சர் ஒட்ட வந்த ஒரு வாத்தியார் சிரித்தார். அதற்குப் பிறகு வெகுகாலம் அந்தக் கடை வழியாகப் போனால், "சேச்சி, பழைய காத்து வந்திட்டுண்டு" என்று ஒரு குரல் வரும்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இந்த மனிதர் சொல்லித் தருகிற சொல்லை எந்தக் கடையிலும் சொல்லுவதில்லை என்று.

வாயில் வராத சொல்

இப்போது இரும்புக் கடைக்குத் திரும்பி வாருங்கள். முதலாளி இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"ஊசி வேணும்" என்றேன்.

"தைக்கவா? எதிர்ல ஃபேன்சிக் கடை உண்டு."

"தைக்க இல்ல. துளைக்க."

"அது மெடிக்கல் ஸ்டோரில அல்லே கிட்டும்? டாக்டரோட சீட்டு வேணும்."

"மனுசரைக் குத்துற ஊசி இல்ல. சுத்திச் சுத்தி உள்ள போற ஊசி."

அவர் முகம் தெளிந்தது. உள்ளே போய் ஒரு கை நிறைய முறுக்காணி கொண்டுவந்து மேசையில் கொட்டினார்.

"இதுதானே?"

"இல்ல. இது உள்ள போனா அங்கேயே இருந்துடும். நான் கேக்குறது போயிட்டுத் திரும்பி வரணும்."

கடையில் இருந்த ஒருவர் பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டு யோசித்தார். "போயிட்டுத் திரும்பி வருமா? ரோக்கெட்டா?"

முதலாளி கைகாட்டி அவரை அடக்கினார். மறுபடி உள்ளே போனார். இந்த முறை வந்தது தமரு. ஆசாரிமார் மரத்தில் ஓட்டை போடுகிற இரும்பு. என் முழங்கை நீளம். அதை வைத்துத் தென்னைமரத்தில் வாசல் வைக்கலாம்.

"ஜாதி இதுதான்" என்றேன். எனக்கே ஒரு உற்சாகம் வந்துவிட்டது. "ஆனா இதோட குட்டி வேணும்."

"குட்டியா?"

"குட்டின்னா, இது பெத்து அது பெத்து அது பெத்த குட்டி. அவ்வளவு சின்னது."

அதற்குள் படியில் ஆள் சேர்ந்துவிட்டது. ஆளுக்கொரு யோசனை. ஒருவர் கிணற்றுக் கப்பிக்கு என்கிறார், ஒருவர் மிக்க மரியாதையாக, "சேச்சி, வீட்டில ஆணுங்க ஆரும் இல்லையா?" என்று கேட்கிறார். அதுதான் என்னைச் சுட்டது. ஆண் துணை இருந்ததால்தான் இந்த நிலைமை என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

குடையின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு, மெதுவாக, பாதி வாயைத் திறந்து சொன்னேன்.

"பிட்டு."

கண்ணை மூடிக்கொண்டு சிரிப்புக்குக் காத்திருந்தேன். சிரிப்பு வரவில்லை.

"பிட்டா?" என்றார் முதலாளி. "அத ஆத்யமே பறஞ்சூடே சேச்சி?"

முதலிலேயே சொல்லக் கூடாதா என்கிறார். அப்படியானால் டிரில்லு ஊசிக்கு உண்மையிலேயே பிட்டு என்றுதான் பெயர். அந்த மனிதர் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு தடவை நிஜம் சொல்லியிருக்கிறார், அதை நான் நம்பவில்லை. எனக்கு வந்த கோபத்தை யார்மேல் வைப்பது என்று தெரியவில்லை.

முழு நூல்

"எத்தர கனம் வேணும்?" என்றார் முதலாளி.

சொல் சரியாகப் போனதும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. நிமிர்ந்து நின்றேன். "நூல் கனம்."

"ஒரு நூலா, அர நூலா?"

இது என்ன கேள்வி? நூலை யாராவது பாதியாகக் கிழிப்பார்களா? அரை நூல் கொடுத்து ஆளை ஏமாற்றுகிற கடை போலிருக்கிறது என்று நினைத்தேன். சாலையில் பொம்பிளை ஒருத்தி தனியாகப் போனால் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

"முழு நூல்" என்றேன் கறாராக.

"எதுக்கு சேச்சி? மரத்தடிக்கா, தகட்டுக்கா?"

"வீட்டு ஆவசியத்துக்கு." இடியாப்பம் என்று சொல்லுவேனா? பிட்டும் இடியாப்பமும் ஒரே மூச்சில் வந்தால் ஊர் என்ன ஆகும்?

அவர் உள்பக்கம் திரும்பி, சாமான் எடுத்துக் கொடுக்கிற ஆளிடம் கூவினார். "ஒரு நூல் பிட்டு எடுத்தே."

கடை ஓரத்தில் சாக்குமேல் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வடக்கே கோழிக்கோட்டுப் பக்கத்து ஆள் என்பது பேச்சில் தெரிந்தது. அவர் தலையை நீட்டி, "நூல்புட்டோ? இவிடெ நூல்புட்டும் கிட்டுமோ?" என்று கேட்டார். அவர்கள் ஊரில் இடியாப்பத்துக்குப் பெயர் நூல்புட்டாம்.

அவ்வளவுதான். கடை குலுங்கியது. பீடிக்காரர் இருமி இருமிச் சிரிக்கிறார். "கடலக்கறி கூடி எடுக்கட்டே?" என்கிறார் ஒருவர், புட்டுக்குத் தொட்டுக்கொள்ள. சந்தனப் பொட்டு முதலாளிகூடக் கணக்கு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

இரும்புக் கடைக்கு நான் இடியாப்ப வேலையாகத்தான் வந்தேன் என்பது அந்தக் கடையில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. எல்லாரும் ஒன்றுமில்லாத ஒரு தமாஷுக்குச் சிரித்தார்கள். ஆனால் எனக்கு மட்டும், என் வயிற்றுக்குள் இருந்ததை எடுத்து மேசையில் வைத்த மாதிரி இருந்தது. காசைப் போட்டு, கிரீஸ் காகிதத்தில் சுருட்டியிருந்த பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு, விரித்துப் பார்க்காமல், திரும்பிப் பார்க்காமல் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தேன்.

புதுசு தடியாகத்தான் இருக்கும்

வீட்டில் வந்து பிரித்தேன். ஊசி தடியாகத்தான் இருந்தது. ஒடிந்த துண்டோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் அது மருமகள், இது மாமியார்.

கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு விளங்கிவிட்டது. பழையது தேய்ந்தது. புதுச் செருப்பு கனமாக இருக்கும், போடப் போட மெலியும். புதுத் துடைப்பமும் அப்படித்தானே. இரும்பும் அப்படித்தான் இருக்கும். நாலு ஓட்டை போட்டால் தேய்ந்து சரியாகிவிடும் என்று டிரில்லின் வாயில் செருகினேன்.

அது தேயவில்லை. நல்ல இரும்பு, அந்தக் கடையைக் குறை சொல்ல முடியாது. அவர் குத்திக் கொடுத்த புள்ளிகள் நெருக்கம், எல்லாவற்றிலும் போட்டால் ஓட்டைகள் ஒட்டிக்கொள்ளும். அதனால் ஒன்று விட்டு ஒன்று போட்டேன். மறுநாள் மத்தியானத்துக்குள் முடித்து, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, உரலில் பொருத்தி, வெந்நீரில் மாவு பிசைந்து வைத்தேன். சாயங்காலம் பிழிந்தேன்.

இடியாப்பம் பிழிந்தவர்களுக்குத் தெரியும், தோள் கழன்றுபோகும். அன்றைக்குத் தோளுக்கு வேலையே இல்லை. தொட்டதும் கொட கொட என்று இறங்கியது. பழைய ஊசியால் போட்ட ஓட்டைகளிலிருந்து தலைமுடியும், புது ஊசியால் போட்டவற்றிலிருந்து வடக்கயிறும். வாழையிலைமேல் சுருண்டு கிடந்ததைப் பார்த்தால், மழைக்கு வெளியே வந்த மண்புழுக்கள் கூட்டம் போட்ட மாதிரி இருந்தது.

சரியாக அந்த நேரத்துக்கு அவர் உள்ளே வந்தார். பையைக் கழற்றாமல் குனிந்து பார்த்தார்.

"இது என்ன ஏட்டி?"

"இடியாப்பம்."

"யாரோட இடியாப்பம்?"

"சிரிச்சேருன்னா இந்த உரலைத் தூக்கித் தலையில போட்டிருவேன். நீரு சொன்ன மாதிரிதான் பிட்டுன்னு கேட்டேன். நூல் கனம்னு கேட்டேன். ஒரு நூலா, அர நூலான்னான். முழு நூலுன்னு வாங்கினேன்."

அவர் முக்காலியில் உட்கார்ந்தார், ஜெபம்கூடப் பண்ணாமல். கண்ணில் தண்ணீர் வருகிறது, பேச முடியவில்லை. ஒரு வழியாகச் சொன்னார்.

"நூலுன்னா தைக்கிற நூலு இல்லட்டி. அது அளவாக்கும். ஒரு இஞ்ச எட்டாப் பங்கு வச்சா, அதுல ஒரு பங்குக்கு ஆசாரிமாரும் கொல்லன்மாரும் நூலுன்னு சொல்லுவாங்க. நமக்கு வேண்டியது அர நூலாக்கும்."

"இத நேத்தே சொல்லப் பிடாதா?"

"நான் சின்னப் பிட்டுன்னுதானே சொன்னேன். நூலு நீயாட்டு சொன்னது."

எட்டில் ஒன்றுக்குப் போய் நூல் என்று பெயர் வைத்தவன் ஒரு நாளும் நூல் கோத்திருக்க மாட்டான். இதை நான் இன்றைக்கும் சொல்லுவேன்.

போட்ட ஓட்டையை அடைக்க முடியாது. கடைகள் மூடிவிட்டன. விடிந்தால் ஞாயிறு. வேறு எதையாவது கொண்டுபோ என்றார் அவர், சேனைக்கிழங்கு இருக்கிறதே என்றார். சேனைக்கிழங்கோடு ரோசம்மாள் முன்னால் போய் நிற்பதைவிட மண்புழுவோடு நிற்பேன் என்று சொன்னேன். காலையில் எல்லாவற்றையும் அவித்து, எவர்சில்வர் தூக்கில் அடுக்கி, வாழையிலை போட்டு மூடி, அதன்மேல் மூடியும் போட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

ஒரு தரம், ரெண்டு தரம்

ஏலம் விடுகிறவர் தங்கையன் அண்ணன். ரயிலைக்கூடக் கூவி நிறுத்துகிற தொண்டை அவருக்கு. குலை போனது, சேவல் போனது, பலாப்பழம் போனது. ரோசம்மாளின் அச்சப்பம் வந்தது. முற்றத்தில் பாதிப் பேர் கேட்டார்கள். வழக்கம்போல எல்லாவற்றுக்கும் மேலே போய் நின்றது. அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

பிறகு என் தூக்கு. அண்ணன் மூடியைத் திறந்து, இலையை விலக்கி, உள்ளே பார்த்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"நேசம்மா வீட்டு..." என்று இழுத்து, என்னைப் பார்த்தார். "இது என்ன பலகாரமாக்கும்?"

"இடியாப்பம்" என்றேன். கூட்டத்தில் யாரும் மூச்சு விடவில்லை. மூச்சை அடக்கினால்தான் சிரிப்பை அடக்க முடியும் என்பதால்.

ரோசம்மாள் முன்னால் வந்து எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் கிறிஸ்துமஸ் வந்த மாதிரி ஒரு வெளிச்சம்.

"தலமுடின்னா இதாட்டி தலமுடி? யானைக்கா?" என்று சொல்லிவிட்டு, அண்ணனைப் பார்த்து, "நான் எடுக்கேன். வீட்டுல கொண்டுபோயி எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டணும்" என்று ஒரு விலை சொன்னாள்.

எனக்கு விளங்கியது. இந்தத் தூக்கு அவள் வீட்டுக்குப் போனால், அவள் அம்மா வீடு, அக்கா வீடு, பால்காரன், மீன்காரி, எல்லாருக்கும் தரிசனம் உண்டு. அது அவள் கைக்குப் போகக் கூடாது.

"நான் எடுக்கேன்" என்றேன், அதற்கு மேலே ஒரு விலை சொல்லி.

"சொந்தச் சாமானை யாராவது ஏலம் எடுப்பாளா?" என்றாள் அவள்.

"கூடாதுன்னு வேதத்துல எங்கயாவது எழுதியிருக்கா? இருந்தா காட்டுங்க அக்கா."

எல்லாரும் போதகரைப் பார்த்தார்கள். அவர் மேகத்தைப் பார்த்தார்.

அவள் ஏற்றினாள். நான் ஏற்றினேன். "ஒரு தரம்" என்று அண்ணன் வாயெடுப்பதற்குள் அடுத்தது விழுகிறது. எங்கள் வீட்டுக்காரர் ஒரு தூணுக்குப் பின்னால் போனார். அவர் அண்ணன், அதாவது ரோசம்மாளின் வீட்டுக்காரர், அதற்கு முன்பே அடுத்த தூணைப் பிடித்திருந்தார். சேவலைத் தாண்டியது. குலையைத் தாண்டியது. பலாப்பழத்தைத் தாண்டியபோது கூட்டம் கைதட்ட ஆரம்பித்தது.

அவள் இன்னொன்று சொன்னாள். நான் மேலே சொல்ல வாயைத் திறந்தேன்.

திறந்தவள் அப்படியே நின்றேன். அவள் கடைசியாகச் சொன்ன விலை என் காதுக்குள் மறுபடி ஒரு சுற்று வந்தது. அது அச்சப்பத்தைத் தாண்டியிருந்தது.

வாயை மூடினேன்.

"ஒரு தரம்" என்றார் அண்ணன்.

ரோசம்மாள் என்னைப் பார்த்தாள். நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டேன்.

"ரெண்டு தரம்."

"ஏட்டி, சொல்லு" என்றாள் அவள். அவளுக்கும் அப்போதுதான் கணக்கு எட்டியிருக்க வேண்டும். குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. "நீ சொல்லேன்."

"நீங்க ஆசைப்பட்டுக் கேக்குறீங்க அக்கா. மூத்தவங்க. விட்டுத் தாறேன்."

"மூணு தரம்" என்று அண்ணன் கூவிவிட்டு, வழக்கப்படி பெயரைச் சொன்னார். இந்த வருஷம் கூடுதலுக்குப் போனது நேசம்மாளின் இடியாப்பம். அவருடைய தொண்டையைத்தான் சொன்னேனே. நேமம் ஜங்ஷன் வரைக்கும் கேட்டிருக்கும்.

வீட்டுக்கு இருவரும் ஒரே வழியில்தான் நடக்க வேண்டும். கோயில் வாசல் தாண்டியதும் அவள் தூக்கைத் திறந்தாள். இத்தனை கொடுத்து என்னத்தை வாங்கினோம் என்று அறியாமல் எப்படி இருக்க முடியும்? ஒரு வடத்தை எடுத்து வாயில் போட்டாள். நான் பக்கத்தில் நடந்தேன், என்ன சொல்லப்போகிறாள் என்று. மெல்லுகிறாள். எதிரே வந்தவர்கள் ஸ்தோத்திரம் சொன்னார்கள், தலையை மட்டும் ஆட்டினாள். பாலம் தாண்டினோம். இன்னும் மெல்லுகிறாள். அவள் ஒரு வார்த்தை பேசாமல் இவ்வளவு தூரம் நடந்ததை நான் அதற்கு முன்பு கண்டதில்லை.

எங்கள் இடைவழி திரும்பும் இடத்தில் விழுங்கினாள்.

"உப்பு சரியாட்டு இருக்கு" என்றாள்.

"அச்சப்பத்தத் தாண்டின சாமான் அக்கா. உப்பு இல்லாம இருக்குமா?"

அதற்கு அவள் ஏதோ சொல்ல வந்தாள். ஆனால் அடுத்த வடத்தை ஏற்கனவே வாயில் போட்டுவிட்டிருந்தாள்.